அம்மாவின் விடுதலைப் பத்திரம்

2020 ஆகஸ்ட். ஊரடங்கில் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த நாட்கள். இரவுச் செய்தியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பூர்வீகச் சொத்தில் மகனுக்கு உள்ள உரிமை மகளுக்கும் பிறப்பிலேயே உண்டு, 2005-இல் சட்டத் திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று மூன்று நீதிபதிகள் சொல்லியிருந்தார்கள். வினீதா சர்மா வழக்கு. அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே கேட்டாள்: "அப்ப எனக்கும் பங்கு இருந்துச்சா?" நான் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே, "ஆமாம்மா, இப்பதான் தீர்ப்பே வந்துருச்சே, உனக்கும் உண்டு" என்றேன். அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஆனால் எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. அவள் கேட்டது "இருந்துச்சா" என்று. நான் சொன்னது "உண்டு" என்று. இரண்டுக்கும் நடுவில் இருபது வருடம் கிடந்தது.

தாத்தா மில் தொழிலாளி. 1968-இல் சம்பளத்தில் மிச்சம்பிடித்து மனை வாங்கி, அறை அறையாகக் கட்டிய வீடு அது. 1996-இல் உயில் எதுவும் எழுதாமல் இறந்துபோனார். பாட்டி, இரண்டு மாமாக்கள், அம்மா என்று நான்கு பேர். அம்மாவுக்கு 1981-லேயே கல்யாணம் ஆகிவிட்டது. 1999-இல் ஒருநாள் பெரிய மாமா வந்து, ஒரு கையெழுத்து வேண்டும், காலையில் பத்திர ஆபீசுக்கு வந்துவிடு என்றார். கூடவே சட்டம் தெரிந்தவர் என்று பெயரெடுத்த உறவினர் ஒருவரும் வந்திருந்தார். "89-க்கு முன்னாடி கட்டிக்கொடுத்த பொண்ணுக்குப் பங்கு கிடையாதும்மா. இருந்தாலும் பேங்க்ல லோனுக்குக் கேக்குறாங்க, எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டா நல்லது" என்று அவர்தான் விளக்கினார். அம்மா போனாள், போட்டாள், மதியப் பேருந்தில் திரும்பிவிட்டாள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அதைப் பற்றி ஒரு நாளும் சண்டையோ வருத்தமோ வந்ததில்லை. பங்கு இல்லை என்பது சட்டம். சட்டத்தோடு யார் சண்டை போடுவது?

எண் தங்கும், நிபந்தனை உதிரும்

அந்த உறவினர் சொன்னதில் பொய் என்று ஒரு சொல்லைக்கூடச் சுட்டிக்காட்ட முடியாது, அதுதான் என்னை அலைக்கழித்தது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் மகள்களையும் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்பாலேயே பங்காளிகள் ஆக்கியது. அந்தத் தேதிக்கு முன் திருமணம் ஆன மகள்களுக்கு அது பொருந்தாது என்று அதே திருத்தம் சொன்னது. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டதிலிருந்து அறுபது வருடம் காத்திருந்து வந்த சட்டம். என் அம்மாவைப் போல எட்டு வருடம் முன்னால் தாலி கட்டிக்கொண்டவர்கள் அதன் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டார்கள். இவ்வளவும் உண்மை. ஆனால் இவை எல்லாம் கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்தைப் பற்றியவை. தாத்தா மில் சம்பளத்தில் வாங்கிய மனை அதில் சேருமா என்ற கேள்வியை அன்று அந்தத் திண்ணையில் யாரும் கேட்கவில்லை.

வாய்வழியாக நமக்கு வந்துசேரும் சட்டம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. எண் பத்திரமாக வந்து சேர்ந்துவிடுகிறது. அந்த எண்ணோடு ஒட்டியிருந்த நிபந்தனை வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. "பன்னிரண்டு வருஷம் குடியிருந்தா வீடு வாடகைக்காரனுக்குச் சொந்தம்" என்று பயந்து, நல்ல குடித்தனக்காரர்களைக் காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரர்களை எனக்குத் தெரியும். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில் அந்தப் பன்னிரண்டு இருக்கிறது. ஆனால் உரிமையாளருக்கு எதிராக, அவர் அனுமதியில்லாமல், இது என்னுடையது என்று வெளிப்படையாக ஆண்டுவந்தவருக்கான எண் அது. மாதாமாதம் வாடகை கொடுத்து இருப்பவர், வீட்டுக்காரரை உரிமையாளர் என்று மாதாமாதம் ஒப்புக்கொள்பவர். அவருக்கு அந்தப் பன்னிரண்டு ஓடத் தொடங்குவதே இல்லை. "பட்டா என் பேர்ல இருக்கு, அப்புறம் என்ன" என்பதும் இதே வகைதான். பட்டா வருவாய்த் துறையின் பதிவேடு. யாரிடம் வரி வாங்குவது, நிலம் யார் கையில் இருக்கிறது என்பதற்கான குறிப்பு அது. சொத்து எப்படி வந்தது என்று வழக்கு எழுந்தால் மூலப்பத்திரத்தைத்தான் கேட்பார்கள். இவற்றை எல்லாம் நம்புகிறவர்கள் படிக்காதவர்கள் அல்ல. நானும் பட்டதாரிதான். தொலைக்காட்சியில் ஓடிய வரியை அப்படியே எடுத்து என் அம்மாவின் வாழ்க்கையில் பொருத்தியவன்தான்.

சட்டம் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்பதைப் பள்ளியிலேயே கேட்டிருப்போம். அதிலிருந்து, எல்லோருக்கும் சட்டம் தெரியும் என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது போலிருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். 1978-இல் ஒரு சர்க்கரை ஆலை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மறுத்திருக்கிறது. எல்லோருக்கும் எல்லாச் சட்டமும் தெரியும் என்று அனுமானிக்க இடமில்லை, அறியாமை குற்றத்துக்குச் சாக்காகாது என்பது வேறு, இது வேறு என்று அந்தத் தீர்ப்பு பிரித்துச் சொல்கிறது. படித்தபோது யாரோ என் அம்மாவுக்காகப் பேசியது போல இருந்தது. உரிமையைத் தெரிந்துகொண்டு விட்டுக்கொடுப்பது ஒன்று, தெரியாமலே கையெழுத்துப் போடுவது இன்னொன்று.

நகல்

ஊரடங்கு தளர்ந்த பிறகு, அந்தப் பத்திரத்தின் நகலை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். மாமாவிடம் கேட்கத் தோன்றவில்லை. கேட்டால் வேறு மாதிரி ஆகிவிடும். பதிவான பத்திரம் பதிவுத் துறையில் இருக்கும், அதற்கு யாரிடமும் தயவு கேட்க வேண்டியதில்லை என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன். 1999, ஆவண எண், ஆவணத்தின் தன்மை: விடுதலை. அதாவது தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம். அந்த எண்ணை வைத்து நகலுக்கு மனுக் கொடுத்து வாங்கினேன். ஆறு பக்கம்.

அம்மாவை உட்காரவைத்து நானே வாசித்தேன். பத்திரத் தமிழ் நமக்குப் பழக்கமில்லாத தமிழ். ஒரே வாக்கியம் ஒன்றரைப் பக்கத்துக்குப் போகும், நடுவில் மூச்சுவிட இடம் இருக்காது. 'மேற்படி சொத்து', 'மேற்படியார்', 'யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது'. இரண்டாம் பக்கத்தில் தாத்தாவின் பெயர் வந்தது. அவர் தன் சுயசம்பாத்தியத்தில் கிரையம் பெற்று ஆண்டனுபவித்து வந்த சொத்து என்று எழுதியிருந்தது. அடுத்து, அவர் உயில் ஏதும் எழுதாமல் காலமாகிவிட்டபடியால் மேற்படி சொத்து நம் நால்வருக்கும் சமமாகப் பாத்தியப்பட்டிருக்கிறபடியால், என்று வந்தது. நான் நிறுத்திவிட்டேன். அடுத்த வரியில் அம்மாவும் பாட்டியும் தங்களுக்குச் சேரவேண்டிய தலா நான்கில் ஒரு பாகத்தை மனப்பூர்வமாகச் சம்மதித்து விடுதலை செய்து கொடுப்பதாக இருந்தது. அதற்கு ஒரு தொகையை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டதாகவும் இருந்தது. கடைசிப் பக்கத்தில் அம்மாவின் கையெழுத்து. அதற்குக் கீழே பாட்டியின் பெருவிரல் ரேகை.

"நாலுல ஒண்ணா?" என்றாள் அம்மா. திரும்ப வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். கொஞ்ச நேரம் ரேகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "பங்கே கிடையாதுன்னா எங்கிட்ட எதுக்குடா எழுதி வாங்கணும்? இல்லாததை எப்படி விட்டுக்கொடுக்கிறது?"

இத்தனை மாதம் நான் இணையத்தில் தேடிப் படித்ததெல்லாம் அந்தக் கேள்விக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போயிற்று. பங்கு இல்லாதவரிடம் யாரும் விடுதலைப் பத்திரம் வாங்குவதில்லை. அந்தக் காகிதம் இருப்பதே அவளுக்குப் பங்கு இருந்தது என்பதற்குச் சாட்சி. சட்டப் புத்தகம் எதையும் திறக்காமல் ஒன்பதாம் வகுப்பு படித்த என் அம்மா அதைக் கண்டுபிடித்தாள். எழுதிய ஆவண எழுத்தருக்கு அது தெரிந்திருந்தது. பதிவு செய்தவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் காகிதத்துக்கே தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்தது கையெழுத்துப் போட்டவளுக்கும் ரேகை வைத்தவளுக்கும்தான். மாமாவுக்குத் தெரிந்திருந்ததா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அவரும் அந்தப் பத்திரத்தை வாசித்திருக்க மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அன்று இரவு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திறந்தேன். மத்திய அரசின் 'இந்தியா கோடு' தளத்தில் எல்லாச் சட்டங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. எட்டாவது பிரிவு: உயில் இல்லாமல் இறந்த ஆணின் சொத்து முதலில் முதல் வகுப்பு வாரிசுகளுக்குப் போகும். யார் அவர்கள் என்று பின்னாலுள்ள அட்டவணையில் பார்க்க வேண்டும். மகன், மகள், விதவை மனைவி, தாய் என்று தொடங்குகிறது பட்டியல். மகனுக்கு அடுத்த சொல்லே மகள். நடுவில் திருமணமான, ஆகாத என்ற பேச்சே இல்லை. இந்தச் சட்டம் வந்தது 1956-இல். அம்மா அப்போது பிறக்கவே இல்லை. சுயசம்பாத்தியச் சொத்தில், அப்பா உயில் எழுதாமல் இறந்தால், மகளுக்கு மகனோடு சமப் பங்கு 1956-லிருந்தே இருந்திருக்கிறது. அதற்கு 1989-உம் வேண்டாம், 2005-உம் வேண்டாம், 2020 தீர்ப்பும் வேண்டாம். நான் அம்மாவுக்குச் சொன்ன விடை சரி, காரணம் முழுக்கத் தவறு. சொல்லப்போனால் அந்தத் தீர்ப்பை நம்பி நாங்கள் எங்கேயாவது போய் நின்றிருந்தால் வெறுங்கையோடுதான் திரும்பியிருப்போம். 2004 டிசம்பர் 20-க்கு முன் நடந்துமுடிந்த பாகப்பிரிவினையையோ கைமாற்றத்தையோ 2005 திருத்தம் தொடாது என்று ஆறாவது பிரிவிலேயே எழுதியிருக்கிறது.

'வரம்புரையாக' என்ற சொல்

சட்டத்தைப் படிக்கத் தொடங்கியபோது என்னை அதிகம் படுத்தியது ஆங்கிலம் அல்ல. மேலே கொடுத்துக் கீழே எடுக்கிற அதன் நடைதான். ஒரு பிரிவு தாராளமாக ஒன்றைத் தரும். அடுத்த பத்தி வேறொரு சொல்லில் தொடங்கி அதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். அரசமைப்புச் சட்டத்தின் தமிழ் வடிவத்தில் அந்த இடங்களில் 'வரம்புரையாக' என்று போட்டிருப்பார்கள். எனக்குப் பிடித்த மொழிபெயர்ப்பு அது. இதற்கு வரம்பு இதோ என்று சொல்லிவிட்டு வருகிறது. செய்தித்தாளுக்கும் தொலைக்காட்சிக்கும் வரம்புரை வந்து சேர்வதில்லை. அங்கே இடம் இல்லை. ஆனால் நம் வழக்கு பெரும்பாலும் அந்த வரம்புரைக்குள்தான் மாட்டியிருக்கும். நாடாளுமன்றச் சட்டங்களின் அதிகாரபூர்வ வாசகம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 348-ஆவது உறுப்பு. உயர் நீதிமன்ற மொழியைப் பற்றியும் அதே உறுப்புதான் பேசுகிறது. இதனால்தான் கீழ்க்கோர்ட்டில் தமிழில் நடந்த ஒரு பங்காளித் தகராறு மேல்முறையீட்டுக்குப் போனதும், சம்பந்தப்பட்ட இரண்டு தரப்புக்குமே புரியாத மொழிக்கு மாறிவிடுகிறது. தன் வீட்டைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் நீதிமன்றத்தின் பின்வரிசையில் கைகட்டி நிற்கும் பெரியவர்களைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. இதைப் பழகிப்போன ஒன்றாக நாம் எடுத்துக்கொண்டது தவறு என்று நினைக்கிறேன்.

எட்டாவது பிரிவைப் படித்த கோபத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டதாகத்தான் தோன்றியது. மாமா வீட்டுக்குப் போய் அந்த அட்டவணையை மேசையில் போட வேண்டும் என்றுகூட நினைத்தேன். அம்மாதான் தடுத்தாள். "ஒருதடவை யாரோ சொன்னதைக் கேட்டுப் போட்டேன். இப்ப நீ சொல்றதைக் கேட்டுப் பேசச் சொல்றியா? தெரிஞ்சவங்ககிட்டக் கேளு முதல்ல." வக்கீல் கட்டணத்துக்கு யோசித்தபோதுதான் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைப் பற்றித் தெரிந்தது. 1987-ஆம் ஆண்டின் சட்டத்தில், பன்னிரண்டாவது பிரிவின்படி, பெண் என்றாலே இலவசச் சட்ட உதவிக்குத் தகுதி உண்டு. வருமானச் சான்று கேட்க வேண்டியதில்லை. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம், நேரிலும் போகலாம். நாங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்கு நேரிலேயே போனோம்.

அங்கிருந்த வழக்கறிஞர், வயதில் என்னைவிடச் சின்னவர், ஆறு பக்கத்தையும் பொறுமையாக வாசித்தார். அம்மாவைப் பார்த்து, "உங்களுக்கு நாலில் ஒரு பங்கு இருந்ததும்மா, சந்தேகமே இல்லை" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இருபத்துமூணாவது பிரிவு பார்த்தீங்களா?" என்று கேட்டார். நான் பார்த்த வாரிசுரிமைச் சட்டத்தில் இருபத்துமூன்று என்ற எண்ணுக்கு எதிரில் 'நீக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தது, தாண்டிப் போயிருந்தேன். 2005-இல் நீக்கப்பட்ட அந்தப் பிரிவு 1999-இல் உயிரோடு இருந்தது என்றார். குடும்பம் குடியிருக்கும் வீட்டில், ஆண் வாரிசுகள் தாங்களாகப் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது என்று அது சொன்னது. குடியிருக்கும் உரிமை மட்டும் உண்டு. அதிலும் மகளாக இருந்தால் திருமணமாகாதவர், கணவரால் கைவிடப்பட்டவர், பிரிந்து வாழ்பவர், விதவை இவர்களுக்கு மட்டும்தான். புருஷன் வீட்டில் நல்லபடியாக வாழும் மகளுக்குச் சொந்தப் பங்கு இருக்கும், அதைப் பிரித்துக் கேட்கவும் முடியாது, அங்கே போய் இருக்கவும் முடியாது. என் அம்மாவின் நான்கில் ஒரு பங்கு 1999-இல் அப்படித்தான் இருந்தது. மாமாக்கள் இருவரும் பிரித்துக்கொள்ளாமல் இருந்தவரை அவள் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் அந்த வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ நினைத்தால் அவள் இல்லாமல் முடியாது. அதனால்தான் கையெழுத்து.

எனக்குத் தலை சுற்றியது. நான் படித்தது 2021-இல் இருந்த சட்டம். நடந்தது 1999-இல். இன்றைய புத்தகத்தை வைத்துக்கொண்டு அன்றைய கையெழுத்தை அளந்துகொண்டிருந்தேன். அந்த உறவினர் நிபந்தனையை உதிர்த்தார், நான் தேதியை உதிர்த்தேன். "கல்யாணமான பொண்ணுக்கு வீட்டில் உரிமை இல்லை" என்ற திண்ணைப் பேச்சு எங்கிருந்து முளைத்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. இருபத்துமூன்றாவது பிரிவின் ஒரு துண்டும் 1989 திருத்தத்தின் ஒரு துண்டும் சேர்ந்து ஒரே சட்டமாகிவிட்டிருந்தன.

வழக்குப் போடலாமா என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார். ஒரு பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க மூன்று வருடம். உண்மை தெரிந்த நாளிலிருந்து அதைக் கணக்கிடச் சொல்லி வாதாடலாம். ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தவர், பதிவு அலுவலகத்தில் நேரில் நின்று போட்ட கையெழுத்து, இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. "ஏன் வாசிக்கலைன்னுதான் முதல்ல கேப்பாங்கம்மா" என்றார். அம்மா தலையாட்டினாள். "கேஸ் போட நான் வரலைங்க சார். அன்னைக்கு எங்கிட்ட என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும், அதுக்குத்தான் வந்தேன்" என்றாள். திரும்பும்போது பேருந்தில் அவள் அழவில்லை, மாமாவைத் திட்டவும் இல்லை. அந்த வருடப் பொங்கலுக்கு மாமா சீர் கொண்டுவந்தபோது வழக்கம்போலத் தட்டை வாங்கிக்கொண்டாள். மாமாவிடம் அவள் ஒன்று மட்டும் கேட்டதாகப் பின்னால் அத்தை சொன்னார்: "அம்மாவுக்காவது வாசிச்சுக் காட்டினீங்களாண்ணே?"

போன மாதம் வங்கிக்குக் கூட்டிப்போயிருந்தேன். அவள் பெயரில் வைப்பு நிதி ஒன்று போட வேண்டியிருந்தது. எனக்கு ஒரு தங்கை உண்டு. படிவத்தில் நாமினி என்ற இடத்தில் என் பெயரைப் போட்டுவிடலாமா என்று கவுண்ட்டரில் இருந்தவர் கேட்டார். அம்மா என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்துக் கேட்டாள்: "நாமினின்னா பணம் அவனுக்கே சொந்தமாயிருமா, இல்ல வாங்கி எல்லா வாரிசுக்கும் பிரிச்சுக் கொடுக்கணுமா?" அவர் சிரித்துக்கொண்டே, "அவருக்குத்தான்மா வரும், கவலைப்படாதீங்க" என்றார். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ள உரியவர் மட்டுமே, வாரிசுகளின் உரிமை அதனால் போய்விடாது என்று ஆயுள் காப்பீட்டுத் தொகை பற்றிய வழக்கில் 1984-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். எங்களுக்குப் பின்னால் ஆறேழு பேர் நின்றார்கள். "கீழே பொடி எழுத்துல என்னமோ போட்டிருக்கு. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடி போட்டு வாசிச்சுட்டு நாளைக்குக் கொண்டுவரேன்" என்றாள். "இப்பவே கையெழுத்துப் போட்டா முடிஞ்சிரும்மா, மறுபடி எதுக்கு அலையணும்" என்றார் அவர். அம்மா படிவத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வரிசையில் அடுத்து நின்ற பெண்ணுக்கு வழிவிட்டாள்.